பேனா அலமாரியின் சாவி

திண்டிவனத்து வக்கீல் பாண்டுரங்கனிடம் இருந்த பேனாக்கள் எழுதுவதற்கான பேனாக்கள் அல்ல. கோர்ட்டுக்கு அவர் எடுத்துப்போனது ஒரு சாதாரணக் கட்டைப்பேனா. மைக்கூட்டில் தோய்த்துத் தோய்த்து எழுதிவிட்டு, சட்டைக் கையில் கறையோடு வீட்டுக்கு வருவார். வந்ததும் கைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, கூடத்தை ஒட்டிய அறையில் இருந்த பர்மா தேக்கு அலமாரியின் முன்னால் போய் நிற்பார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பச்சை வெல்வெட்டின் மேல், தொட்டிலில் கிடத்திய பிள்ளைகளைப் போல ஃபவுண்டன் பேனாக்கள் படுத்திருக்கும். அவற்றைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும்.

கடையில் கேட்டவனுக்கெல்லாம் கிடைக்கிற பேனாவை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கம்பெனிக்காரன் இவ்வளவுதான் செய்வேன் என்று சொல்லிச் செய்து, ஒவ்வொன்றிலும் நம்பர் பொறித்து, அதன் பிறகு அந்த மாதிரியையே கைவிட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட பேனாதான் அவருக்குப் பேனா. ஜப்பானில் அரக்கு பூசித் தங்கப்பொடியில் மீன் வரைந்தது ஒன்று. முழுக்க வெள்ளிச் சரிகை பின்னியது ஒன்று. எவனோ ஒரு பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி குடிக்கு விற்றுவிட்டுப் போன தேன் நிறப் பேனா ஒன்று. உலகத்தில் இன்னும் எத்தனை பேரிடம் இந்தப் பேனா இருக்கும் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வதில் அவருக்கு ஒரு தனி ருசி.

அலமாரியின் சாவி அவர் மனைவி லட்சுமியம்மாளின் இடுப்பில் இருந்தது. அவள் ஒலக்கூர்ப் பக்கத்தில் நிலம் நீச்சோடு இருந்த குடும்பத்துப் பெண். கல்யாணமான புதிதிலேயே அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, "வேர்க்காத கை உனக்கு. என் பேனாவைத் தொட ஏத்த கை" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தவர் அவர். வெள்ளிக்கிழமைதோறும் அவள் மல் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்துவார்.

"இது பால்ல செஞ்ச பேனா லட்சுமி. பாலைக் கட்டியாக்கி எலும்பு மாதிரி ஆக்கிடறான். தண்ணியில ஊறிச்சுன்னா தீந்துது. இந்தக் கறுப்பு ரப்பரு இருக்கே, இதுக்கு வெயில் ஆவாது. அதோ அந்தத் தேன் கலரு, அதுல கற்பூரம் கலந்திருக்கு. வெளக்கைக் கிட்டக் கொண்டு போயிடாத. பத்திக்கினா கற்பூரம் மாதிரியே எரியும்."

அவள் தலையாட்டிக்கொண்டே கேட்பாள். அவர்களுக்கு ஒரே பெண். பொன்னி என்று பெயர். பேனாக்களின் பக்கத்தில் வரக்கூடாது என்று அப்பா கோடு கிழித்திருந்ததால், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "நான் தொடலப்பா, கண்ணாலதான் பாக்கறேன்" என்று சொல்லும் குழந்தை.

முப்பத்தாறாம் வருஷம் அக்கினி நட்சத்திரத்தில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் எச்சில் விழுங்க முடியாமல் திணறியது. டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது.

"தொண்டை அடைப்பான். இதுக்குப் போடற ஊசி எங்கிட்ட இல்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க வக்கீல் சார். இன்னிக்கே போயிடணும்."

பாண்டுரங்கனிடம் சொந்தக் கார் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவருக்கு விழுப்புரத்தில் ஒரு வேலையும் இருந்தது. சிலோனில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். இங்கிலாந்து ராஜாவின் வெள்ளி விழா ஜூபிலிக்காக லண்டனில் ஒரு கம்பெனி கொஞ்சமே கொஞ்சம் செய்து வெளியிட்ட பேனா ஒன்று அவரிடம் இருந்தது. தந்த நிற உடம்பு, கழுத்தில் அகலமான தங்கப் பூண். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நிற்கும்போது அதைக் கைமாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு வருஷமாகக் கடிதம் எழுதிப் பிடித்த பேனா அது.

"இன்னிக்கு வோணாங்க" என்றாள் லட்சுமியம்மாள். "கொழந்தை மூச்சுவுடறதப் பாருங்க."

"ரயிலு உச்சிக்கு முன்னாடியே வந்துடும். வாங்கின கையோட திரும்பிடறேன். நீ கொழந்தைக்குத் துணிமணி எடுத்து வை. நான் வந்ததும் தூக்கிப் போட்டுக்கினு போயிடலாம். ஜல்தியா வந்துடுவேன் லட்சுமி. இன்னிக்கு விட்டா அந்த ஆளு கப்பலேறிடுவான்."

கார் தெருமுனை திரும்பிப் போயிற்று.

அவள் துணிமணி எடுத்து வைத்தாள். உச்சி வந்தது. சோற்று நேரம் கடந்தது. தெருவில் கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று இருந்துவிட்டாள். வீட்டு வேலைக்காரி சவுரியம்மாள்தான் முதலில் பொறுமை இழந்தாள். புருஷனை இழந்து, இந்த வீட்டோடு தங்கிப் பாடுபட்டவள் அவள். "அம்மா, அய்யா வர்றப்ப வரட்டும். கொழந்தைக்கு ஒதடு நீலம் பாஞ்சிக்கினு வருது. வாங்கம்மா போவலாம்" என்று குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு கொதிக்கிற தெருவில் ஓடினாள். லட்சுமியம்மாள் பின்னால் ஓடினாள். புதுச்சேரி பஸ் போய்விட்டிருந்தது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளை இறக்கிவிட்டு நின்ற ஒரு மாட்டு வண்டியைக் கெஞ்சிப் பிடித்தார்கள். வழியில் கிளியனூர் வருவதற்குள் சவுரியம்மாளின் மடியில் குழந்தையின் கால்கள் உதைப்பதை நிறுத்திவிட்டன.

பாண்டுரங்கன் வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். நடுக்கூடத்தில் கிடத்தியிருந்த குழந்தையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தார். "ரயிலு லேட்டு. பாவி ரயிலு லேட்டாயிடுச்சே. நான் என்ன பண்ணுவேன்" என்று அவர் கதறியது பொய்யழுகை இல்லை. லட்சுமியம்மாளும் அதை நம்பினாள். ரயிலைச் சபித்தாள். தன்னைச் சபித்துக்கொண்டாள். அவரை அவள் சபிக்கவில்லை, அப்போது.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து ஒரு நாள் அவர் அவளைக் கூப்பிட்டார். முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சல். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஜூபிலிப் பேனா. அதன் தங்கப் பூணில் புதுச்சேரிப் பத்தரை விட்டு அழகான எழுத்தில் 'பொன்னி' என்று வெட்டியிருந்தார்.

"அவ போன அன்னிக்கு வந்தது. அவளே நம்மகிட்ட அனுப்பி வெச்சாப்பல. இனிமே இதான் நமக்குப் பொன்னி. பத்திரமா பாத்துக்கோ லட்சுமி."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து, நடுத்தட்டில் அவர் காட்டிய இடத்தில் வைத்து, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். அதுவரை அவளுக்குள் துக்கமாக இருந்தது அந்தச் சாவியைச் செருகிய நேரத்தில் வேறாகிவிட்டது. என்னவாகிவிட்டது என்று அவளுக்கே புரியச் சில நாள் ஆயிற்று.

புரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், பாலில் செய்த பேனாவை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்தது. அவர் வெளியூர் வழக்குக்குப் போயிருந்தார். பேனா ஊறி, வீங்கி, இளகிற்று. எடுத்துக் காயவைத்தாள். காய்ந்தபோது ஏரிக் களிமண் வெடித்த மாதிரி உடம்பெல்லாம் பிளவு. அதைத் துடைத்து அதன் இடத்திலேயே படுக்கவைத்தாள்.

பாண்டுரங்கன் ஊரிலிருந்து வந்து அலமாரியைப் பார்த்தார். "அய்யோ" என்று ஒரு சத்தம். குழந்தை செத்த அன்று அடித்துக்கொண்டது போலவே தலையில் அடித்துக்கொண்டார். லட்சுமியம்மாள் கதவோரம் நின்று அந்தக் கையையே பார்த்தாள். அந்த அடிக்கும் இந்த அடிக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அன்றைக்கு அவள் சோறு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். பொன்னி போனதிலிருந்து அவளுக்குப் பசித்துச் சாப்பிட்டது அன்றுதான்.

அவசரப்படவில்லை அவள். மாதங்கள் விட்டு அடுத்ததற்குப் போனாள். மாடியில் மல்லாட்டை காயும்போது அதற்கு நடுவே கறுப்பு ரப்பர்ப் பேனாவை வெயில் படக் கிடத்தி, பகல் முழுக்கப் புரட்டிக் கொடுத்தாள். கண்ணாடியாக மின்னிய கறுப்பு, மட்கிய பனங்கொட்டை நிறத்துக்கு இறங்கிற்று. சுவரில் ஏறும் ஓதம், ஈரம்தான் காரணம் என்றார் அவர். அந்துருண்டை வாங்கிப் போட்டார். வெல்வெட்டை மாற்றினார். ஜன்னலுக்குத் தடித்த படுதா கட்டினார். சென்னைக் கடைக்காரனுக்கு எழுதி யோசனை கேட்டார். வெள்ளிப் பேனா கறுத்தபோது, வீடே சரியில்லை என்று முடிவு கட்டி, திண்டிவனம் வீட்டைப் பூட்டிவிட்டு விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஈரம் தட்டாத ஒரு வீட்டுக்குக் குடிபோனார். வழக்குகளையும் அங்கேயே மாற்றிக்கொண்டார். சவுரியம்மாளும் கூட வந்தாள்.

அந்த வீட்டில் படுத்தால் எழுந்தால் ரயில் சத்தம். எந்த மேடையில் இவர் அன்றைக்கு நின்றாரோ அந்த மேடையின் மணி அவள் அடுப்படி வரை கேட்டது. அதற்குள் யுத்தமும் வந்துவிட்டது. கப்பல் நின்றது. சீமைப் பேனா வருவது அடியோடு நின்றது. போனால் போனதுதான், மறு பேனா கிடையாது என்று அவர் புலம்பினார். லட்சுமியம்மாளுக்கு அது நல்ல சேதியாக இருந்தது.

அங்கேதான் அந்தோணிசாமி வந்தார். சவுரியம்மாளுக்குச் சித்தப்பா முறை. ஜங்ஷனில் முதல் வகுப்புப் பிரயாணிகள் தங்கும் அறையைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டவர். அண்ணன் மகளைப் பார்க்க வந்தவர், கொல்லையில் குந்தி மோர் வாங்கிக் குடித்தபடி, வீட்டம்மாவைச் சந்தோஷப்படுத்த நினைத்துப் பேச்சை ஆரம்பித்தார்.

"அய்யாவை எனக்கு முன்னயே தெரியும்மா. நாங்க பேனா அய்யான்னுதான் சொல்லுவோம். ஒரு தபா சிலோன் தொரைகிட்ட பேனா வாங்க வந்தாரு பாருங்க, நல்ல கத்திரி வெயிலு, அன்னிக்கு என் இடுப்பே ஒடிஞ்சி பூட்சி."

"ரயிலு லேட்டான அன்னிக்கா?" என்றாள் லட்சுமியம்மாள்.

"ரயிலு என்னாத்துக்கும்மா லேட்டு? டயத்துக்கு வந்துச்சு, டயத்துக்குப் போச்சு. அய்யாதான் போவல. பேனாவக் கையில வெச்சிக்கினு, 'இந்த வெயில்ல கார்ல கொண்டு போனா உருகிப் பூடும், வளைஞ்சி பூடும், பொழுது சாயட்டும்'ன்னு ரூமுக்குள்ளயே குந்திட்டாரு. ஜன்னல்ல கட்டின வெட்டிவேர்த் தட்டிக்கித் தண்ணி ஊத்து, தண்ணி ஊத்துன்னு என்னைப் போட்டு ஒரே பேஜாரு பண்ணிட்டாரு. உள்ள சில்லுனு ஆனப்பறந்தான் அவருக்கு உசுரே வந்துச்சு. அங்கியே சாப்பாடு வரவழைச்சி, எழுதிப் பாத்துக்கினு, சாயந்தரம்தான் கெளம்பினாரு. ஒரு பேனாவுக்கு அப்பிடி ஒரு கவனிப்பு நான் கண்டதில்லம்மா."

அவர் சிரித்தார். கொல்லையைக் கூட்டிக்கொண்டிருந்த சவுரியம்மாளின் துடைப்பம் நின்றுவிட்டது. அவள் தலையைத் தூக்கி எஜமானியைப் பார்த்தாள். எஜமானி அவளைப் பார்த்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் தெரிந்துகொண்ட கிழவர், மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்தார்.

அன்று மாலை பாண்டுரங்கன் வீட்டுக்கு வந்தபோது லட்சுமியம்மாள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சண்டை போட்டால் அழுவார், காலில் விழுவார், விதி என்பார், அத்தோடு தீர்ந்துபோகும். தீர்ந்துபோக அவள் விடுவதாக இல்லை. அலமாரியில் இருக்கிற எல்லாம் ஒவ்வொன்றாகச் சாகவேண்டும். அவர் கண் முன்னாலேயே சாகவேண்டும். எதனால் சாகிறது என்று தெரியாமல் அவர் தவிக்கவேண்டும். கடைசியில் அந்த ஜூபிலிப் பேனா ஒன்று மட்டும், குழந்தையின் பெயரோடு, பிணங்களுக்கு நடுவில் கிடக்கவேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு அவர் மிச்சக் காலத்தைத் தள்ளட்டும்.

அதன் பிறகு அவள் மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை. ஸ்டவ் பற்றவைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தால் பேனாவின் பளபளப்பு பிசினாகிக் கையில் ஒட்டிற்று. உலைப்பானை ஆவியில் காட்டினால் நேராக இருந்தது வில்லாக வளைந்தது. ஜப்பான் அரக்குப் பேனாவின் தங்க மீன் மேல் ஊசியால் ஒரே ஒரு கோடு இழுத்தாள். அந்த ஒரு கோட்டுக்கு அவர் இரண்டு நாள் பட்டினி கிடந்தார்.

பாண்டுரங்கன் இளைத்தார். அலமாரியைப் படுக்கையறைக்குத் தூக்கிவரச் செய்தார். கதவிடுக்கில் தலைமயிர் ஒட்டிவைத்து, அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். கோர்ட்டுக்குப் போவது குறைந்து, கட்சிக்காரர்கள் வேறு வக்கீலைத் தேடிக்கொண்டார்கள். புதுப் பூட்டு வாங்கிவந்தார். அதன் சாவியையும் அவள் கையிலேயே கொடுத்தார்.

"இந்த ஒலகத்துல உன்னத் தவிர நான் யாரை நம்பறது லட்சுமி?"

"நம்புங்க" என்றாள் அவள்.

மாட்டிக்கொண்டது ஒரு அவசரத்தில்தான். தேன் நிறப் பேனாவை அடுப்படிக்கு எடுத்துப் போயிருந்த நேரத்தில், வெளியே போனவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் பேனாவை அடுப்புக்குள் எறிந்தாள். குப்பென்று ஒரு வெளிச்சம். கற்பூர வாசனை. அவர் குடையை எடுத்துக்கொண்டு, "சாமிக்கு ஏத்தினியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் மறுநாள் அலமாரியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதுவரை கெட்டுப்போன பேனாக்கள் உண்டு. காணாமல் போனது இதுதான் முதல்.

"திருட்டு!" என்றார் பாண்டுரங்கன். அவர் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. இத்தனை வருஷமாக முகமில்லாமல் இருந்த எதிரிக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. "அவதான். ரூமைக் கூட்டறவ வேற யாரு? நமக்கு வேண்டாத எவனோ அவளை ஏவி விட்டிருக்கான்."

லட்சுமியம்மாள் மறுப்பதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார். காலையிலேயே போலீஸ் வந்தது. சவுரியம்மாள் பத்துப்பாத்திரம் தேய்த்த சாம்பல் கையோடு எழுந்து நின்றாள். அவளை நடத்திக் கூட்டிப்போனார்கள். வாசற்படி இறங்கும்போது அவள் திரும்பி எஜமானியின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. கேட்கவில்லை. சும்மா பார்த்தாள்.

லட்சுமியம்மாள் வாயைத் திறக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் சாவி போய்விடும். அலமாரியில் இன்னும் நாலைந்து உயிரோடு இருந்தன. இவ்வளவு வருஷம் பொறுத்தது பாதியில் நின்றுவிடும். நாலு கேள்வி கேட்பார்கள், ஒன்றும் கிடைக்காது, அனுப்பிவிடுவார்கள், பிறகு அவளுக்கு ஏதாவது செய்துகொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். உலை வைத்தாள். வடித்தாள். ஜங்ஷன் மணி அடித்தது, வண்டிகள் வந்தன, போயின. வெயில் முற்றத்தில் ஏறி, சுவரில் ஏறி, சாய ஆரம்பித்தது. அப்போது அந்தோணிசாமி மேல் துண்டு கீழே புரள ஓடிவந்தார்.

"அம்மா, கையிலயே அடிக்கிறாங்கம்மா. வெரலு வீங்கிக்கினு பழமாட்டம் ஆயிடுச்சு. எடுக்கலன்னு அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணுது. நீங்க ஒரு வார்த்த அய்யாகிட்ட சொல்லுங்கம்மா."

அவள் அலமாரியைத் திறந்தாள். கற்பூரம் கலந்த இன்னொரு பேனாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். வக்கீல் வீட்டம்மா தனியாக வீதியில் ஓடுவதைக் கடைத்தெரு எழுந்து நின்று பார்த்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு எதிரே பாண்டுரங்கன் உட்கார்ந்திருந்தார். மூலையில் சவுரியம்மாள் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சுருண்டிருந்தாள்.

"அவளை வுடுங்க. அவ எடுக்கல. நான்தான் எரிச்சேன். மத்ததையும் நான்தான் பாழாக்கினேன். ஆரம்பத்துலேருந்து நான்தான்."

இன்ஸ்பெக்டர் வக்கீலைப் பார்த்தார். பாண்டுரங்கன் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். "கொழந்தை போனதுலேருந்து இவளுக்கு மனசு சரியில்ல சார். வேலைக்காரி மேல இரக்கம். லட்சுமி, வா, வீட்டுக்குப் போவலாம்" என்றார். அவர் கண்ணில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் அவளுக்கு வந்த ஆத்திரம் அதுவரை வந்ததில்லை.

முடிச்சை அவிழ்த்தாள். மேஜை மேலிருந்த இன்ஸ்பெக்டரின் தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்து, பேனாவின் நுனியில் வைத்தாள். கற்பூரம் பற்றுவது போல அது சீறிப் பற்றிக்கொண்டது. "நம்பர் போட்டது! லட்சுமி, நம்பர் போட்டது!" என்று அலறிக்கொண்டு அவர் அந்த நெருப்பை வெறுங்கையால் பிடித்தார். உருகியது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அவர் கத்திய கத்தலில் வெளியே வண்டியில் பூட்டி நின்ற குதிரை மிரண்டு குதித்தது. ஒரு போலீஸ்காரன் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தான்.

"எப்பிடி எரியும்ன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் லட்சுமியம்மாள். "தண்ணி ஆவாது, வெயில் ஆவாது, நெருப்பு ஆவாதுன்னு ஒண்ணொண்ணா சொல்லிக் குடுத்தீங்க."

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது குடும்ப விஷயம், இதில் கேஸ் இல்லை என்றார். சவுரியம்மாளைப் போகச் சொன்னார். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினாள்.

வீட்டில் பாண்டுரங்கன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலமாரியின் முன்னால் உட்கார்ந்தார். குழந்தை கேட்பது போல, "ஏன் லட்சுமி?" என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

"ரயிலு லேட்டு இல்ல."

அவர் நிமிர்ந்தார்.

"வெட்டிவேர்த் தட்டிக்கித் தண்ணி ஊத்தச் சொல்லி உக்காந்திருந்தீங்க. வெயில் தாழட்டும்ன்னு உக்காந்திருந்தீங்க. அந்த வெயில்லதான் அவளைத் தூக்கிக்கினு நாங்க ஓடினோம்."

 குழந்தை செத்துப்போகும் என்று தெரியாது, கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன், டாக்டர்கள் எப்போதும் பயமுறுத்துவார்கள் என்று ஏதேதோ சொன்னார். அவள் கேட்கவில்லை. ஜூபிலிப் பேனாவை வெளியே எடுத்தாள். அவர் தடுக்கவில்லை; தடுக்கக் கை இல்லை. பாக்குவெட்டியின் வாயில் வைத்து அழுத்தி, பெயர் வெட்டிய தங்கப் பூணை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை அவர் பார்க்க அடுப்பில் போட்டாள். பூட்டுகளின் சாவிகளை அவர் மடியில் எறிந்துவிட்டு, அடுத்த வண்டியில் திண்டிவனம் போய், பூட்டிக் கிடந்த பழைய வீட்டைத் திறந்தாள்.

ஒரு வாரத்துக்குள் ஒலக்கூர்ப் பக்கம் சவுரியம்மாளின் ஊருக்குப் போனாள். தெருக்கோடியில் வண்டியை நிறுத்தி, அதுவரை அவள் காலடி படாத அந்தக் குடிசை வரிசைக்குள் நடந்தாள். சவுரியம்மாள் முறத்தில் கேப்பையைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையால் பொறுக்கினாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. எஜமானியைக் கண்டு எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.

லட்சுமியம்மாள் தங்கப் பூணை நீட்டினாள். "இது உன்கிட்ட இருக்கட்டும். அவளைக் கடைசியா மடியில வெச்சிருந்தவ நீதான். வித்து கைக்கு வைத்தியம் பாத்துக்கினாலும் சரி."

சவுரியம்மாள் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"காலையில இட்டுக்கினு போனாங்க. நீங்க சாயந்தரம் வந்தீங்க."

"தெரியாத்தனமா இருந்துட்டேன் சவுரி."

"தெரிஞ்சிதாம்மா இருந்தீங்க. படி எறங்கறப்ப உங்க மொகத்தப் பாத்தேனே. அய்யா பேனா வெயில்ல கெட்டுப்பூடும்ன்னு குந்திக்கினு இருந்தாரு. நீங்க எதுக்கும்மா குந்திக்கினு இருந்தீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை அவள். தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். மறுபடி உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டாள். லட்சுமியம்மாள் வண்டிக்குத் திரும்பி நடந்தபோது அந்தத் தெரு அவளுக்கு முடிவதாகவே இல்லை.

பாண்டுரங்கன் அதற்குப் பிறகு தொழிலுக்குப் போகவில்லை. திண்டிவனத்துக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினார். ஒரு தடவை அவரே வந்து, வெந்து சுருங்கிய கையால் கதவைத் தட்டினார். அவள் உள்ளே உட்கார்ந்து, அவர் தட்டி ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் திறக்க அவளுக்கு ஒரு நாளும் மனசு வரவில்லை. செய்ததற்கு வருந்தினாயா என்று ஒலக்கூரிலிருந்து பார்க்க வந்த அவள் அண்ணன் கேட்டபோது, "அவருக்குச் செஞ்சதுக்கா? இன்னொரு அலமாரி இருந்தா அதையும் எரிப்பேன்" என்றாள்.

மல்லாட்டை அறுவடைக் காலத்தில் ஒலக்கூர்ப் பெண்கள் தோலுரிக்க மண்டிக்கு வருவார்கள். காலையில் கும்பலாக அவள் வீட்டு வழியாகத்தான் போவார்கள். அவர்களோடு சவுரியம்மாளும், வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவாள். லட்சுமியம்மாள் சத்தம் கேட்டதும் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். மற்றப் பெண்கள் கும்பிடுவார்கள், நலம் விசாரிப்பார்கள். சவுரியம்மாள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். சாயந்தரம் அவர்கள் திரும்பும் நேரத்திலும் இவள் நிற்பாள்.